பழைய ரேடியோ திசைகாணும் கருவியை நம்பி இன்று கடலில் இறங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வாங்கிய பழைய பாய்மரப் படகோடு 1970களில் செய்த கையடக்க ரேடியோ டைரக்ஷன் ஃபைண்டர் (ரேடியோ நிலையம் இருக்கும் திசையைக் காட்டும் கருவி, சுருக்கமாக டி.எஃப்.) ஒன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. பேட்டரி போட்டதும் வேலை செய்கிறது. ஜிபிஎஸ் சிக்னலைத் தடுப்பதும் பொய்யான சிக்னல் காட்டுவதும் கடலில் பெருகிவரும் காலத்தில், இதை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தேடுவது செயற்கைக்கோள் எதையும் சாராமல், படகு எங்கே இருக்கிறது என்று சொல்லும் இன்னொரு வழி. அந்த வழியாக இந்தக் கருவி இன்று முழுமையாக நிற்காது. ஆனால் சில குறிப்பிட்ட வேலைகளுக்கு இன்றும் நன்றாகப் பயன்படும். எது முடியும், எது முடியாது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வணிகக் கப்பல்களில் டி.எஃப். கருவி கட்டாயமாக இருந்த காலத்தில் ரேடியோ அதிகாரியாக வேலை பார்த்தவன் நான். பிறகு சிறு படகுக்காரர்களுக்குப் பழைய கருவிகளைச் சரிசெய்து கொடுத்தும் வருகிறேன். பெரிய இரும்புக் கப்பலில் இது நடந்துகொள்ளும் விதம் எனக்கு நெருக்கமாகத் தெரியும். ஃபைபர் படகுகளில் என் அனுபவம் அவ்வளவு நீண்டதில்லை.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். இந்தக் கருவியின் தத்துவம் பழையதாகவில்லை. லூப் என்ற வளைய ஆன்டெனாவோ, ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன கம்பியோ, அலை வரும் திசைக்கு ஏற்ப சிக்னலைக் கூட்டியும் குறைத்தும் தரும். சத்தம் அதிகமாகக் கேட்கும் திசையை வைத்து அளக்கக் கூடாது. சத்தம் அடங்கும் திசையைத்தான் பிடிக்க வேண்டும். உச்ச நிலையிலிருந்து 10 டிகிரி திருப்பினாலும் சிக்னல் 1.5 சதவீதம்தான் குறையும், எந்தக் காதுக்கும் அது தெரியாது. அடங்கும் புள்ளியிலிருந்து அதே 10 டிகிரி விலகினால் உச்ச அளவில் 17 சதவீதம் திரும்பி வந்துவிடும். அதனால்தான் மௌனத்தின் இரு ஓரங்களையும் கண்டுபிடித்து, நடுவை எடுக்கிறோம். உங்களுடையது ஃபெரைட் கம்பி என்றால் சத்தம் அடங்கும்போது கம்பியின் முனை நிலையத்தை நோக்கி இருக்கும். வட்ட லூப் என்றால் அதன் தளம் நிலையத்துக்குக் குறுக்கே நிற்கும். அந்தக் கணத்தில் மேலே பொருத்திய காம்பஸில் தெரிவதுதான் பேரிங், அதாவது நிலையம் இருக்கும் திசையின் கோணம்.

அந்தக் கோட்டின் எந்த முனையில் நிலையம் இருக்கிறது என்று லூப் தனியாகச் சொல்லாது. 180 டிகிரி குழப்பம் எப்போதும் உண்டு. பெரிய கருவிகளில் சென்ஸ் ஆன்டெனா என்று ஒரு செங்குத்துக் கம்பியைச் சேர்த்து இதைத் தீர்ப்பார்கள். சென்ஸ் போட்டதும் மௌனப் புள்ளி மழுங்கி 90 டிகிரி தள்ளிப் போகும் என்பதால், பக்கத்தை அறிய மட்டும்தான் அதைப் பயன்படுத்த வேண்டும், பேரிங் எடுக்கக் கூடாது. கையடக்கக் கருவி பலவற்றில் சென்ஸ் கிடையாது. அப்போது ஒரே திசையில் கொஞ்ச தூரம் ஓடி மறுபடி பாருங்கள். கோடு கடிகார முள் போலத் திரும்பியிருந்தால் நிலையம் உங்கள் வலப்பக்கம். எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தால் இடப்பக்கம். இந்தக் குழப்பம் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு 1923 செப்டம்பர் 8ஆம் தேதி கலிஃபோர்னியாவின் ஹோண்டா முனையில் நடந்ததைச் சொல்லலாம். கரையில் இருந்த பாயின்ட் ஆர்கெல்லோ நிலையம் தந்த பேரிங், அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த போர்க்கப்பல்கள் இன்னும் முனைக்கு வடக்கேதான் இருப்பதாகக் காட்டியது. தலைமைக் கப்பலில் இருந்தவர்கள் முனையைக் கடந்துவிட்டதாக நினைத்து, பேரிங் தலைகீழாக வந்திருக்கிறது என்று முடிவு செய்து கிழக்கே திரும்பினார்கள். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வந்த அமெரிக்கக் கடற்படையின் 7 டெஸ்ட்ராயர்கள் பாறையில் ஏறின; 23 பேர் இறந்தார்கள். கருவி சொன்னது சரி.

இப்போது கரைப்பக்கம் வருவோம். உங்கள் கருவி எந்த நிலையங்களைக் கேட்பதற்காகச் செய்யப்பட்டதோ அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1921இல் நியூயார்க் துறைமுகத்தை ஒட்டி அமெரிக்காவின் முதல் கடல் ரேடியோ பீக்கன்கள் (கப்பல்கள் திசை காண்பதற்காகவே ஒலிபரப்பும் நிலையங்கள்) வந்தன. அதன் பிறகு கலங்கரை விளக்கங்களிலும் விளக்குக் கப்பல்களிலும் உலகம் முழுவதும் பரவின. 285 முதல் 325 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், மோர்ஸ் எழுத்துகளில் பெயரைச் சொல்லி, பிறகு பேரிங் எடுப்பதற்காக ஒரு நீண்ட ஒலியை விடுவார்கள். பல இடங்களில் ஆறு நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டு நிமிடத்துக்கு ஒன்றாக முறை வைத்து ஒலிபரப்பின. ட்யூனிங்கைத் தொடாமலே ஆறு நிமிடத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிடலாம். ஜிபிஎஸ் வந்த பிறகு, 1990களிலும் அதைத் தொடர்ந்தும், நாடு நாடாக இவற்றை நிறுத்திவிட்டார்கள். சில நிலையங்களை டிஃபரன்ஷியல் ஜிபிஎஸ் திருத்தம் (ஜிபிஎஸ் பிழையைக் குறைக்கும் தகவல்) அனுப்பும் நிலையங்களாக மாற்றினார்கள். அவையும் குறைந்து வருகின்றன: அமெரிக்கா தன் கடைசி நிலையங்களை 2020இல் மூடியது, பிரிட்டனும் அயர்லாந்தும் 2022இல் மூடின. கப்பல்களில் டி.எஃப். வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் 2002 ஜூலையில் அமலுக்கு வந்த சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஐந்தாம் அத்தியாயத் திருத்தத்தோடு போய்விட்டது. உங்கள் படகில் பழைய காகித சார்ட் (கடல் வரைபடம்) இருந்தால் அதில் ஊதா வட்டத்தோடு ‘ஆர்சி’ என்ற குறியைப் பார்ப்பீர்கள். அது அந்த சார்ட் அச்சான நாளில் அங்கே பீக்கன் இருந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி.

மிச்சம் இருப்பவை மூன்று வகை. இன்னும் இயங்கும் டிஃபரன்ஷியல் நிலையங்கள் முதல் வகை. அவற்றின் ஒலி காதுக்கு மணல் கொட்டுவது போல ஒரு கரகரப்பாகக் கேட்கும். மோர்ஸ் பெயர் இருக்காது, ஆனால் சிக்னல் நிலையாக இருப்பதால் மௌனப் புள்ளியை எடுக்கலாம். இரண்டாவது, விமானங்கள் திசை காண்பதற்கான, என்டிபி எனப்படும் பீக்கன்கள். 190 கிலோஹெர்ட்ஸுக்கு மேலிருந்து 500ஐத் தாண்டியும் இவை பரவியிருக்கின்றன. இரண்டு மூன்று மோர்ஸ் எழுத்தில் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும். பல நாடுகளில் இன்னும் உண்டு, ஆனால் இவையும் மூடப்பட்டு வருகின்றன. பராமரிப்பில் இருக்கும்போது மௌனமாகிவிடும் என்ற அறிவிப்பு விமானிகளுக்குப் போகும், உங்களுக்கு வராது. கரையோர விமான நிலையத்தின் பீக்கன் கடலுக்கு அருகில் இருந்தால் நல்லது, உள்ளே தள்ளி இருந்தால் தொல்லை. மூன்றாவது வகை, மீடியம் வேவ் வானொலி நிலையங்கள்.

வானொலி நிலையங்கள்தான் இன்று நடைமுறையில் எளிதாகக் கிடைப்பவை, எளிதாக ஏமாற்றுபவையும் அவையே. சக்தி கிலோவாட் கணக்கில் இருப்பதால் பகலில் நூறு மைலுக்கு அப்பாலும் தெளிவாகக் கேட்கும். ஆனால் அறிவிப்பாளர் உட்கார்ந்திருக்கும் ஊர் வேறு, ஒலிபரப்புக் கோபுரம் நிற்கும் இடம் வேறு. நகரத்தின் பெயரை வைத்து சார்ட்டில் கோடு போட்டால் பத்துப் பதினைந்து மைல் பிசகும். கோபுரத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை முன்கூட்டியே தேடி எழுதி வைத்திருக்க வேண்டும். இன்னொரு ஆபத்து, ஒரே நிகழ்ச்சியை ஒரே அலைவரிசையில் பல கோபுரங்கள் ஒலிபரப்புவது. பிபிசியின் 198 கிலோஹெர்ட்ஸ் நெடுஅலைச் சேவை இங்கிலாந்தின் ட்ராய்ட்விச்சோடு ஸ்காட்லாந்தின் இரண்டு கோபுரங்களிலிருந்தும் ஒரே அலைவரிசையில் வந்ததை உதாரணமாகச் சொல்லலாம். அப்படிப்பட்ட இடத்தில், இரண்டு சிக்னலும் ஏறக்குறைய சமமாக வரும் பகுதியில் இருந்தால், மௌனப் புள்ளி எந்தக் கோபுரத்தையும் காட்டாது. புள்ளி கூர்மையாக இல்லாமல் அகன்று கிடந்தாலோ, அங்கும் மெல்லிய பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டே இருந்தாலோ அந்த பேரிங்கை விட்டுவிடுங்கள்.

கருவியையே குறை சொல்ல முடியாத பிழைகளும் உண்டு. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உதித்து ஒரு மணி நேரம் வரை, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையும் தரையோடு வரும் அலையும் கலந்துவிடும். மேலிருந்து வரும் அலை அதிரும் தளம் மாறியிருப்பதால் லூப்பின் கிடைப் பகுதிகளிலும் மின்னழுத்தம் எழும். மௌனப் புள்ளி மங்கும், நகரும், சில நேரம் உங்கள் கண் முன்னே ஊசலாடும். பழைய பீக்கன்களிலேயே இரவில் 25 மைலுக்கு மேல் நம்பாதே என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மீடியம் வேவில் இரவுக் குழப்பம் இன்னும் கடுமை. அலை கரையைச் சாய்வாகக் கடந்தால் வளையும். கரைக் கோட்டோடு 20 டிகிரிக்கும் குறைவான கோணத்தில் வரும் பேரிங்கை நான் சார்ட்டில் போடுவதே இல்லை. தூரம் நூற்றுக்கணக்கான மைல் என்றால் மெர்கேட்டர் முறையில் வரைந்த வழக்கமான சார்ட்டில் ரேடியோ அலை நேர்கோடாக வராது என்பதற்கான அரைக் குவிவுத் திருத்தமும் வேண்டும். படகில் இருந்து எடுக்கும் தூரங்களுக்கு அது பொருட்படுத்தத் தக்கதல்ல.

படகில் உள்ள உலோகம் அடுத்த பிரச்சினை. பாய்மரக் கம்பிகளும், படகைச் சுற்றி ஓடும் ஸ்டீல் கைப்பிடிக் கம்பியும் சேர்ந்து மூடிய வளையங்களாக இருந்தால், அவை தாமே சிக்னலை வாங்கித் திரும்ப வீசும். அதனால் பேரிங், படகின் முன்முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பிசகும். கைப்பிடிக் கம்பியை ஓரிடத்தில் துண்டித்து நைலான் கயிற்றால் கட்டினால் வளையம் உடையும். பழைய படகுகளில் அந்தக் கயிற்று முடிச்சைப் பார்த்தால் அங்கே ஒரு காலத்தில் டி.எஃப். இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். எப்போதும் ஒரே இடத்தில் நின்று அளப்பது அவசியம். பிசகை அளந்து அட்டவணை போட வழி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒரு ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து சில மைல் தள்ளி, பகலில், படகை மெல்ல வட்டமடிக்க விடுங்கள். 15 டிகிரிக்கு ஒருமுறை, கோபுரத்தின் கண் பேரிங்கையும் ரேடியோ பேரிங்கையும் ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதட்டும். வித்தியாசத்தை வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அது அந்த அலைவரிசைக்கு மட்டுமே பொருந்தும். 300 கிலோஹெர்ட்ஸில் போட்ட அட்டவணையை 1000 கிலோஹெர்ட்ஸில் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் அலைவரிசை ஏற ஏற கம்பிகளின் பாதிப்பும் ஏறும்.

1970களில் யாரும் சந்திக்காத ஒரு சங்கடம் இன்று உண்டு. சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், யுஎஸ்பி சார்ஜர், எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாமே இந்தக் கருவி கேட்கும் அதே பட்டையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. அந்த இரைச்சல் மௌனப் புள்ளியை நிரப்பிவிடும். திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அடங்கும் இடமே கிடைக்காது. அளக்கும் இரண்டு நிமிடத்துக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சோலார் பேனலின் இணைப்பையும் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பலர் கருவி பழுது என்று என்னிடம் கொண்டுவந்ததில் கணிசமானவை இந்த ரகம்தான். கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காம்பஸ் பொருத்திய கருவியைத் தூக்காதீர்கள். காம்பஸ் முள் உங்கள் பக்கம் திரும்பும்.

கருவியைப் பற்றியும் கொஞ்சம். ப்ரூக்ஸ் அண்ட் கேட்ஹவுஸின் ஹோமர்-ஹெரான் ஜோடி, சீஃபிக்ஸ் போன்ற கையடக்க ரகங்கள் நன்றாகச் செய்யப்பட்டவை; கோடன், தையோ போன்ற ஜப்பானியக் கருவிகள் கப்பலிலும் மீன்பிடிப் படகிலும் நீண்ட காலம் உழைத்தவை. எந்த ரகமானாலும் எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர்கள் இத்தனை வருடத்தில் உலர்ந்திருக்கும், அவற்றை மாற்றிவிடுவது நல்லது. ஃபெரைட் கம்பி கீழே விழுந்தால் உள்ளேயே விரிசல் விடும், வெளியே தெரியாது. டயலில் எண்கள் தள்ளிப்போயிருந்தால் சந்தேகப்படுங்கள். குழாய் உறையோடு கூடிய வட்ட லூப் என்றால் அதன் உச்சியில் ஒரு சிறு இன்சுலேட்டர் இடைவெளி இருக்கும். அந்த உறை முழு வளையமாக மூடிவிடாமல் தடுப்பது அதுதான். யாராவது அழகுக்காக அலுமினியப் பெயின்டை அதன் மேலும் அடித்திருந்தாலோ, உப்பு படிந்து பாலம் போட்டிருந்தாலோ, லூப் ஏறக்குறையச் செவிடாகிவிடும். ஆல்கஹால் தொட்ட துணியால் அந்த இடைவெளியைத் துடைத்ததும் நிலையங்கள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் செய்த பிறகு என்ன துல்லியம் எதிர்பார்க்கலாம்? பகலில், அட்டவணை போட்ட படகில், பழகிய கையில், அமைதியான கடலில் 2, 3 டிகிரி. ஆடும் சிறு படகில் 5 டிகிரி என்று வைத்துக்கொள்வதே நியாயம். 60 மைலில் 1 டிகிரி என்பது 1 மைல். ஆகவே 20 மைல் தூரத்து நிலையத்தில் 5 டிகிரி பிசகு என்றால் கோட்டின் இரு பக்கமும் ஒன்றே முக்கால் மைல் வரை எங்கும் நீங்கள் இருக்கலாம். மூன்று நிலையங்களை எடுத்து மூன்று கோடு போட்டால் ஒரு முக்கோணம் கிடைக்கும். நாம் அதற்குள்தான் இருக்கிறோம் என்று எல்லோருக்கும் தோன்றும். பிழைகள் இரு பக்கமும் சம வாய்ப்போடு தற்செயலாக வருகின்றன என்றால், முக்கோணத்துக்குள் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். எனவே சார்ட்டில் மெல்லிய பென்சில் கோடு போடாமல், பிழையின் அகலத்துக்கு ஒரு பட்டையாக வரையுங்கள். அந்தப் பட்டையை ஆழமானி சொல்லும் ஆழத்தோடும், ஓடிய வேகம் நேரம் திசையை வைத்துப் போட்ட கணக்கோடும் ஒப்பிடுங்கள். ஜிபிஎஸ் காட்டும் இடம் அந்தப் பட்டைக்கு வெகு தொலைவில் இருந்தால், பொய் சிக்னல் வருகிறது என்று சந்தேகிக்க உங்களுக்கு ஒரு சுயேச்சையான காரணம் கிடைத்திருக்கிறது. இந்தக் கருவி இன்று தரும் உண்மையான பயன் இதுதான் என்பது என் கருத்து. பாறைகளுக்கு நடுவே உள்ள வாய்க்காலுக்குள் நுழைய இதை நம்புவது தற்கொலைக்குச் சமம்.

இரண்டாவது பயன், ஒரு நிலையத்தை நோக்கியே ஓடுவது. படகின் முன்முனையை மௌனப் புள்ளியில் வைத்துக்கொண்டே போனால், நெருங்க நெருங்கப் பிசகு மைல் கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும். படகின் உலோகப் பிசகும் நேர் முன்னால் மிகக் குறைவு. கரையோரத்தில் கோபுரம் உள்ள துறைமுக ஊர் என்றால் இது நல்ல வழி. கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று சார்ட்டில் முதலில் பாருங்கள். 1934 மே 15 அன்று கடும் மூடுபனியில் ஒலிம்பிக் என்ற பெரிய பயணிக் கப்பல் நான்டக்கெட் விளக்குக் கப்பலின் பீக்கனை நோக்கியே வந்து, கடைசியில் அந்த விளக்குக் கப்பலின் மீதே ஏறியது. அதிலிருந்த 11 பேரில் 7 பேர் இறந்தார்கள். நேராகக் குறிவைத்து ஓடினால் கடைசி சில மைல்களுக்கு முன்பே விலகிவிட வேண்டும்.

உங்கள் கடற்பகுதியில் இன்று எந்த நிலையம் ஒலிக்கிறது என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது, பழைய பட்டியல் எதையும் நம்பிச் சொல்லவும் கூடாது. நடப்பு ஆண்டின் ரேடியோ சிக்னல் பட்டியலையும் விமானச் சார்ட்டையும் பாருங்கள், பிறகு உங்கள் காதால் உறுதி செய்யுங்கள். கடலுக்குப் போகும் முன் ஒரு திறந்த மைதானத்தில், நண்பகலில், மின்கம்பிகள் இல்லாத இடத்தில் நின்று, கோபுரம் எங்கே என்று தெரிந்த நான்கைந்து நிலையங்களை எடுத்துப் பாருங்கள். அங்கேயே 3 டிகிரிக்குள் வரவில்லை என்றால் கோளாறு கருவியிலோ கையிலோ இருக்கிறது. ஆடும் படகில் அது சரியாகப் போவதில்லை. நன்றாக வந்தால், நல்ல வெளிச்சத்தில், ஜிபிஎஸ் சரியாக இருக்கும் நாட்களில் எடுத்துப் பழகி, ஒவ்வொரு பேரிங்குக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். தேவைப்படும் நாளில் உங்கள் பிழை எவ்வளவு என்று அந்த நோட்டுதான் சொல்லும்.

ஜிபிஎஸ் இல்லாத நாளுக்குத் தயாராவதுதான் நோக்கம் என்றால், பணத்தை முதலில் நல்ல கை-பேரிங் காம்பஸ், ஆழமானி, முடிந்தால் ரேடார் ஆகியவற்றில் போடுங்கள். இவை எதற்கும் செயற்கைக்கோள் தேவையில்லை, கரையில் யாரும் சுவிட்சை அணைத்துவிடவும் முடியாது. பால்டிக் கடலில் ஆர்-மோட் என்ற பெயரில் பழைய பீக்கன் பட்டையையே பயன்படுத்தி, திசைக்குப் பதிலாகத் தூரத்தை அளந்து இடம் காணும் முறையைச் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தத் தூரத்தை அளக்க உங்கள் கருவியால் முடியாது.

டி.எஃப். தொழில்நுட்பம் இன்று உயிரோடு இருப்பது விஎச்எஃப் என்ற மிக உயர் அலைவரிசைப் பக்கம். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன்கள், தேடி வருபவர் நெருங்கி வந்து பிடிப்பதற்காக 121.5 மெகாஹெர்ட்ஸிலும் ஒரு சிக்னலை விடுகின்றன. மீட்புப் படகுகளில் அதையும் கடல் ரேடியோவின் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலையும் பிடித்துத் திசை காட்டும் கருவி இருக்கிறது. உங்கள் பழைய கருவிக்கு அந்த அலைவரிசைகள் எட்டாது. படகிலிருந்து ஒருவர் கடலில் விழுந்துவிட்டால் தேடுவதுதான் உங்கள் கவலை என்றால், புதிய விஎச்எஃப் டி.எஃப். ஒன்றுதான் வாங்க வேண்டும்.